மூன்று கோப்புகளில் ஒரே கதவு

இந்தக் கதவை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று எழுத்தரம்மாவுக்குக் காலையிலிருந்து உறுத்திக்கொண்டே இருந்தது. லாரி ஓட்டுநரின் கோப்பில் இருந்த போட்டோ அது. பச்சைக் கதவு, பூட்டு, நடுவில் நீதிமன்ற நோட்டீஸ்: முப்பது நாளுக்குள் ஆஜராகாவிட்டால் தலைமறைவானவர் என்று அறிவிக்கப்படுவீர், வீடு முடக்கப்படும். கீழே அறிக்கை: 'வீடு பூட்டிக் கிடந்தது. கதவில் ஒட்டினேன். தெருவில் நின்று உரக்க வாசித்தேன்.' கையெழுத்து, நோட்டீஸ் ஒட்டும் ஊழியரான அவள் அக்கா கணவருடையது. முப்பது நாள் நேற்றோடு முடிந்தது. மதியம் நீதிபதி ஒரு கையெழுத்துப் போட்டால் ஓட்டுநரின் கதை முடிந்தது.

நோட்டீஸுக்கு அடியில் இன்னொரு காகிதத்தின் மூலை எட்டிப் பார்த்தது. வீட்டுக் கதவில் அதற்கு முன்னால் யார் எதை ஒட்டினார்கள்? பழைய கோப்புகளை இழுத்துப் போட்டுப் பார்த்தாள். தையல்காரர் கேஸில் அதே கதவு. தச்சர் கேஸிலும் அதே கதவு. அடப்பாவி மனுஷா! ஒரு நாளும் ஆபீஸ் விஷயம் கேட்காத அக்கா, நேற்று போன் செய்து, "அந்த ஓட்டுநர் கோப்பு மேல போயிடுச்சாடி?" என்று கேட்டதும் இப்போதுதான் உறைத்தது.

டீ நேரத்தில் அவரைப் பிடித்தாள்.

"அத்தான், ஓட்டுநர் வீட்டுக் கதவு என்ன கலரு?"

"பச்சை. போட்டோல பாக்கலியா?"

"நம்ம ரெக்கார்டு ரூம் பின்கதவும் பச்சைதான்."

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "மேட்டு மேல வீடும்மா. என் முட்டி மடங்கவே மாட்டேங்குது. அவன் ஓடிப்போயிட்டான்னு எல்லாரும்தான் சொல்றாங்க."

"நீங்க போய்ப் பாத்தீங்களா?"

"ரிட்டயராக இன்னும் நாலு மாசம். உங்கக்காவ நினைச்சுப் பாரு."

நினைத்துப் பார்த்தாள். பென்ஷன் போனால் அக்கா பாடு என்ன? ஓட்டுநர் நிஜமாகவே ஓடியிருக்கலாம். வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டும் இருக்கலாம். யார் கண்டது? அவர் வாசலில் போய் நின்று ஒரு குரல் கொடுத்தவர் யாருமில்லை. அத்தான் பொய் சொல்கிறார் என்றால், அந்த முட்டி வலியும் பொய்யோ என்று தோன்றியது. தோன்றியதற்காகத் தன்மேலேயே எரிச்சலும் வந்தது.

மதியம் நீதிபதியின் அறைக்குள் கோப்போடு போனாள். அவர் பேனாவைத் திறந்துவிட்டு, வழக்கமாகக் கேட்பதையே கேட்டார்.

"எல்லாம் முறைப்படி நடந்திருக்கா?"

பதினாறு வருஷமாக "ஆமாங்க" என்றுதான் சொல்லி வந்திருக்கிறாள். இன்று போட்டோவை அவர் முன்னால் வைத்தாள்.

"ஐயா, இந்தக் கதவு இங்கதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, பின்பக்கத்து ஜன்னலைத் தள்ளித் திறந்தாள்.

குழாயடிக்கு அப்பால் பச்சைக் கதவு. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். அத்தான் இரண்டு முட்டிகளையும் மடக்கி மண்ணில் உட்கார்ந்து, ஓட்டுநரின் நோட்டீஸை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.