வஞ்சப்புகழ்ச்சிக்கு ஒரு பல்செட்

பல்செட் கட்டித் தருகிறவர் என்பதால் அவரைத் தெருவில் எல்லோரும் பல்காரர் என்றே அழைத்தார்கள். அவர் கைக்கு அப்படி ஒரு பேர். அவரிடம் பல் கட்டிக்கொண்ட ஒருவர் முதல் நாள் சாப்பிட உட்கார்ந்தார். சாப்பாடு தீர்ந்தும் பல் நிற்கவில்லை. கரண்டியில் பாதியைத் தின்றுவிட்டுத்தான் ஓய்ந்தது. மீதிக் கரண்டியைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரே ஒரு தடவை வேண்டுமென்றே மோசமான செட் ஒன்றைச் செய்தார். அதற்குக் காரணம் அணி இலக்கணம்.

அவர் மகள் தமிழாசிரியர் வேலைக்குப் பரீட்சை எழுத இருந்தாள். முன்னறையில் அப்பா மெழுகை உருக்குவார். திரைக்கு அந்தப் பக்கம் மகள் சத்தம்போட்டுப் படிப்பாள்.

"அப்பா, அம்மா குரல் ரம்பம் மாதிரி இருக்குன்னா உவமை. அம்மாவோட குரல் ரம்பம்னா உருவகம்."

"ரெண்டுக்கும் என்னம்மா வித்தியாசம்?"

"முதல்ல சொன்னதுக்குச் சாப்பாடு லேட்டாகும். ரெண்டாவதுக்குச் சாப்பாடே கிடையாது" என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது. வீட்டம்மாவின் காது அப்படி.

பல்காரருக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போயிற்று. தெருவில் காதில் விழுவதற்கெல்லாம் பெயர் வைக்கத் தொடங்கினார். கழிவறையை 'வசதி' என்று ஒருவர் கேட்டால் இடக்கரடக்கல். பஸ் நிறுத்தத்தில் 'நாலு வருஷமா நிக்கறேன்' என்று முனகினால் உயர்வு நவிற்சி. காற்றில் ஆடும் கிளை நம்மைப் பார்த்து 'வராதே' என்கிறது என்று நாமாக நினைத்துக்கொண்டால் தற்குறிப்பேற்றம். இவ்வளவோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

"வஞ்சப்புகழ்ச்சின்னா புகழ்ற மாதிரி திட்டுறதுப்பா. திட்டுற மாதிரி புகழ்ந்தாலும் அதேதான்."

"கேக்கறவனுக்கு எப்படித் தெரியும்?"

"யார் சொல்றாங்க, எப்போ சொல்றாங்கன்னு பார்த்துத்தான் புரிஞ்சுக்கணும்."

அன்றிலிருந்து பல்காரரின் நிம்மதி போயிற்று. கடை சுத்தமாக இருக்கிறது என்று தபால்காரர் சொன்னார். ஆள் நடமாட்டம் இல்லை என்று குத்திக்காட்டுகிறானா? இந்த வயசிலும் முடி கொட்டவில்லையே என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். உள்ளே இருக்கவேண்டியது கொட்டிவிட்டது என்று அர்த்தமா? வணக்கம் சொன்னவரைக்கூட இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

இந்த நேரம் பார்த்துத்தான் மெத்தைக் கடைக்காரர் வீட்டுக்கு வந்தார். அவருடைய மகனும் பல்காரரின் மகளும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். மெத்தைக்காரர் சம்மதம் சொல்லியாகிவிட்டது. பல்காரர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் கல்யாணம்.

மெத்தைக்காரர் வாசலிலேயே ஆரம்பித்தார். "என்ன படிக்கட்டு சம்பந்தி, ஏறினதே தெரியல." செங்குத்தான படி அது, ஏறியவர் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். "டீ அமிர்தம்." சர்க்கரை போட மறந்த டீ. "இந்த நாற்காலியில உட்கார்ந்தா எழுந்திருக்க மனசே வரல."

அவர் போனதும் பல்காரர் அந்த நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தார். நடுவில் ஓர் ஆணி விரல் நுனி அளவுக்குத் தலை தூக்கியிருந்தது.

"பார்த்தியா? ஆணி மேல உட்கார்ந்துகிட்டு நாற்காலியைப் புகழ்றான். இன்னும் ஒண்ணும் முடிவாகல, அதுக்குள்ள சம்பந்தியாம். உள்ளுக்குள்ள நம்மள என்னவோ நினைக்கறான். நாளைக்கு நம்ம பொண்ணையும் இப்படித்தான் சிரிச்சுக்கிட்டே குத்துவான்."

"அவர் நல்லவர்ப்பா" என்றாள் மகள்.

"இது உவமையா, உருவகமா?"

"ரெண்டும் இல்லப்பா. சும்மா சொன்னேன்."

மெத்தைக்காரருக்கு வாயில் ஒரு பல்லும் கிடையாது. சம்பந்தி கையாலேயே ஒரு செட் வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கேட்டிருந்தார். அளவு எடுக்கும்போதும் "உங்க விரல் பூ மாதிரி இருக்கு" என்றார். அப்போதுதான் பல்காரருக்கு அந்த யோசனை தோன்றியது. மோசமான பல்லைக் கொடுப்போம். குறை சொன்னால் மனிதன். அதையும் புகழ்ந்தால் பொய்யன், பெண் கிடையாது.

கீழ் வரிசையின் இடது பக்கத்தை ஓர் அரிசி உயரம் தூக்கி வைத்தார். பல் கட்டுகிறவர்கள் கணக்கில் அது ஒரு மாடி. உள் விளிம்பைத் தேய்க்காமல் கரடாக விட்டார். அவர் கை இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவர் அசந்த நேரத்தில் கையே தானாக இரண்டு தடவை எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டது. அதட்டி, மறுபடியும் கெடுக்க வேண்டியிருந்தது.

செட்டை மாட்டியதும் மெத்தைக்காரரின் முகம் மொத்தமாக வலது பக்கம் குடிபெயர்ந்தது. ஒரு கண்ணில் நீர் கோத்தது.

"எப்படி இருக்கு?" என்றார் பல்காரர்.

"கண்ணு கலங்குது பாருங்க, சந்தோஷம். பொறக்கும்போதே இதோட பொறந்த மாதிரி இருக்கு."

பல்காரர் ஒரு வாரம் காத்திருந்தார். குறை வரவில்லை. எதிரில் பார்த்தவர்களிடமெல்லாம் மெத்தைக்காரர் பல்லைக் காட்டிப் புகழ்கிறார் என்ற சேதிதான் வந்தது. வீட்டில் செட்டைக் கெடுத்ததையும் சேர்த்து விஷயத்தைச் சொன்னார்: ஆள் பொய்யன், சம்பந்தம் வேண்டாம்.

வீட்டம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "பல்லைக் கோணலா கட்டிக் குடுத்துட்டு ஆள் கோணல்ங்கறீங்க. நல்லா இருக்குங்க உங்க நியாயம்."

நல்லா இருக்கு என்று அவள் சொன்னது வஞ்சப்புகழ்ச்சிதான் என்பதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. மகள் அழவில்லை. அவர் எதிரில் வந்து நின்றாள்.

"வேண்டாம்னா அவர்கிட்டயே போய் நேரா சொல்லுங்கப்பா. ஏன் வேண்டாம்னும் சொல்லணும். நீங்க செஞ்சதையும் சேர்த்து."

மறுநாள் காலை பல்காரர் கிளம்பினார். மெத்தைக் கடை வாசலில் தொங்கிய பிளாஸ்டிக் உறை காற்றில் படபடத்து 'போ, போ' என்றது. தற்குறிப்பேற்றம் என்று அதை ஒதுக்கிவிட்டு உள்ளே போனார்.

அடுக்கி வைத்த மெத்தைகளுக்குப் பின்னால் மெத்தைக்காரர் ரொட்டியைப் பாலில் ஊறவைத்து, மெல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். அவர் படுத்து எழுந்த மெத்தையில் பள்ளம் விழுவதில்லை என்பதால் அதைப் புதுசு என்றே விற்க முடிந்ததாம். கன்னம் மட்டும் வீங்கியிருந்தது. பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க சம்பந்தி. பல்லு பிரமாதம்..."

"வாயைத் திறங்க."

"எதுக்கு? எல்லாம் நல்லாத்தான்..."

"திறங்க சம்பந்தி."

அந்தச் சொல் தன் வாயிலிருந்து வந்ததைப் பல்காரர் கவனிக்கவில்லை. செட்டைக் கழற்றிப் பார்த்தார். ஈறு முழுக்கப் புண். இடது பக்கம் ரத்தம் கட்டியிருந்தது.

"தூங்கும்போதும் கழட்டலையா?"

"இல்ல. நீங்க எந்த நேரம் வருவீங்கன்னு தெரியாது. வாயில பல்லு இல்லன்னா மனசு கஷ்டப்படுவீங்க."

"நாற்காலியில ஆணி இருந்துச்சே?"

"இருந்துச்சு. பேன்ட் கிழிஞ்சு போச்சு."

"அப்புறம் ஏன்யா புகழ்ந்தீங்க?"

மெத்தைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "நீங்க இன்னும் சரின்னு ஒரு வார்த்தை சொல்லல. நான் ஏதாவது குறை சொல்லி, அதனால இது நின்னு போச்சுன்னா? என் பையன் வீட்டுக்கு வந்ததும் என் முகத்தைத்தான் பார்க்கறான், ஏதாவது சேதி இருக்கான்னு."

பல்காரர் கையில் செட்டை வைத்துக்கொண்டு நின்றார். இது உயர்வு நவிற்சியா, இடக்கரடக்கலா என்று யோசித்துப் பார்த்தார். திரைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்ட எந்தப் பெயரும் இதற்குப் பொருந்தவில்லை.

"நான்தான் கோணலா வச்சேன்" என்றார். "வேணும்னேதான். நீங்க குறை சொல்றீங்களான்னு பார்க்க."

மெத்தைக்காரர் பாலையும் ரொட்டியையும் ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு திட்ட ஆரம்பித்தார்.

பல் இல்லாத வாய் என்பதால் திட்டு பாதி காற்றாக வந்தது. முதல் மூச்சில் மேலே தொங்கிய விலைச்சீட்டுகள் பறந்தன. இரண்டாவதில் கடைக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. மனுஷனா நீங்க என்றார். அது படிக்கட்டா, ஏணியா என்றார். அந்த டீயை எதிரிக்குக்கூடக் கொடுக்கக் கூடாது என்றார். விரலா அது, குறடு என்றார். பல்காரர் ஒரு மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பல நாளுக்குப் பிறகு, காதில் விழுந்ததை உள்பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை. உடம்பே லேசானது போலிருந்தது.

நடுவில் போன் அடித்தது. மகள்.

"சொல்லிட்டீங்களாப்பா?"

"எங்கம்மா சொல்ல விடறார்? அவர்தான் சொல்லிட்டிருக்கார்."

"என்ன சொல்றார்?"

"திட்டுறார்."

அந்தப் பக்கம் குரல் மெலிந்தது. "என்ன அணிப்பா?"

"அணியே இல்லம்மா" என்றார் பல்காரர். "நல்ல குடும்பம். நீ அம்மாகிட்ட சொல்லிடு, நான் சரின்னுட்டேன்னு."