என் பெயரில் ஆப்ஜெக்ட் போகாது

பல்கேரியாவில், எங்கள் பிளோவ்டிவ் அலுவலகத்தில் ஒரு சட்டம் உண்டு. நிரலில் தகவலை வைக்க எந்த மாறியை அறிவித்தாலும், எண்ணா எழுத்தா என்று அதன் வகையை எழுதியே தீர வேண்டும். ‘வார்’ போடக் கூடாது. சட்டம் போட்டவர் எங்கள் சீஃப் ஒக்னியான். ‘வார்’ என்றால் வகையை நாம் எழுதுவதில்லை. உள்ளே வைப்பதைப் பார்த்து, நிரலைச் சரிபார்க்கும் கம்பைலரே முடிவு செய்யும், பிறகு மாறவும் விடாது. அது சோம்பேறித்தனமாம்.

சரி, எங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள்? வந்த இடமெல்லாம் ‘ஆப்ஜெக்ட்’ என்று எழுதித் தள்ளினார்கள். வகை எழுதியாயிற்றே! எண், பெயர், தேதி, எதைக் கொட்டினாலும் அது வாங்கிக்கொள்ளும். எல்லா ஜாடியிலும் ‘சாப்பாடு’ என்று சீட்டு ஒட்டிவிட்டு, சமையலறை ஒழுங்காக இருக்கிறது என்பது போல. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் எழுதியது ஆஸ்பத்திரிக் குழந்தைகளுக்கு டிரிப்ஸ் ஏற்றும் கருவிக்கான பகுதி. குழந்தையின் எடையும் மருந்தின் அளவும் ஒன்றாகச் சேர்ந்து வரும். அந்தச் சேர்க்கைக்கு வகைப் பெயரே கிடையாது. ஒன்று ‘வார்’, இல்லையென்றால் ‘ஆப்ஜெக்ட்’. நான் ‘வார்’ போட்டேன். என் வேலையை நிரந்தரமாக்க ஒக்னியான் கையெழுத்துப் போட வேண்டிய வாரம் அது.

“ஏம்மா ரலிட்சா, உனக்கு மட்டும் தனிச் சட்டமா?” என்று கத்திக்கொண்டே வந்தார். பக்கத்து மேசை மிலென், வாயில் பனிட்சாப் பலகாரத்தோடு கணினித் திரைக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

“இங்க பாருங்க சீஃப்.” மருந்தின் அளவு இருக்க வேண்டிய இடத்தில் வார்டின் பெயரை வைத்துக் காட்டினேன். ‘ஆப்ஜெக்ட்’ வாயே திறக்கவில்லை. ‘வார்’ உடனே சிவப்புக் கோடு போட்டுத் தடுத்தது.

“எந்தக் கிறுக்கன் அப்படி வைப்பான்?”

“நேத்து நானே வெச்சேன். ‘வார்’தான் புடிச்சுக் குடுத்துச்சு. ‘ஆப்ஜெக்ட்’னா நர்ஸ் பட்டனை அழுத்தும்போதுதான் தெரியும். கருவி அங்கேயே படுத்துடும்.”

“சட்டம்னா சட்டம். மாத்து, இல்லேன்னா கிளம்பு!”

எங்களிடம் ஒரு வழக்கம்: மாற்றம் யார் பெயரில் போகிறதோ, கருவி நின்றால் ஆஸ்பத்திரி அவரைத்தான் கூப்பிடும். நான் ‘ஆப்ஜெக்ட்’ என்று தட்டிவிட்டு எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன்.

“மாத்தியாச்சு. உங்க பேர்ல அனுப்புங்க. என் பேர்ல இது போகாது.”

வேகமாக உட்கார்ந்தார். மவுஸைப் பிடித்தார். மிலென் மெல்லுவதை நிறுத்திவிட்டான். ஒக்னியானின் விரல் அழுத்தவில்லை. காதுவரை சிவந்துபோனார்.

“திமிர் புடிச்சவ! ‘வார்’ஓடயே அனுப்பித் தொலை. ஆனா திங்கக்கிழமை இந்தப் பக்கம் வராதே.”

“சரி.”

பழைய வரியைத் திரும்ப வைத்து என் பெயரில் அனுப்பினேன். இந்த மனுஷன் முன்னால் அழுவதாவது! பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

“அதுல இருக்கற என் பேரை மட்டும் அழிச்சுடாதீங்க சீஃப்,” என்றேன். “போன் வந்தா நான் எடுப்பேன்.”