ஒரு டாலர் சம்பளம்

மகள் கல்யாணத்தை இலையுதிர் காலத்தில் வைத்தது என் தப்புதான். அலபாமாவில் அமெரிக்க ஃபுட்பால் நடக்கும் மாதங்களில் சனிக்கிழமை கல்யாணம் வைத்தால் பாதிரியார்கூட முணுமுணுப்பார். அதனால் ஆட்டம் இல்லாத ஒரே சனிக்கிழமையாகப் பார்த்து வைத்தோம். என் கணவர் ராய்ஸ் அப்போது கல்லூரி அணியின் தலைமைக் கோச். முந்தைய வாரம்தான் தோற்றிருந்தார்.

ஹார்லன் டிரெட்அவே விருந்துக்கு வந்தார். பதினோரு கார் கடைகளுக்கு முதலாளி. அணிக்குப் பணத்தைக் கொட்டுகிறவர் என்பதால் கோச்சை வைப்பதும் தூக்குவதும் அவர் இஷ்டம். கேக்கை இரண்டு துண்டு தின்றார். ராய்ஸ் மகளோடு ஆடி முடிக்கும்வரைகூடப் பொறுக்காமல் தோளைத் தட்டினார்.

"நாளையிலேருந்து நீ வர வேண்டாம்ப்பா. காசு பத்திக் கவலைப்படாதே. மிச்சம் மூணு வருஷச் சம்பளம் வீடு தேடி வரும்."

என் மகள் அழுதது கல்யாண வீடியோவில் இருக்கிறது. மன்னிக்கிற புத்தி எங்கள் வீட்டில் ராய்ஸுக்குத்தான் உண்டு. எனக்குக் கிடையாது.

இருபது வருஷம் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவள் நான். ராய்ஸின் ஒப்பந்தத்தை வரி விடாமல் படித்தேன். வருஷத்துக்கு நாற்பது லட்சம் டாலர். வேறெங்காவது வேலைக்குப் போனால் அங்கே வாங்கும் சம்பளத்தை இதில் கழித்துக்கொள்வார்கள். அங்கே குறைந்தது எவ்வளவு வாங்க வேண்டும் என்று எழுத மட்டும் அவர்கள் வக்கீல்கள் மறந்துவிட்டார்கள்.

"ராய்ஸ், பக்கத்து ஊர்க் கல்லூரியில இப்ப கோச் இல்லைல்ல?"

"அவங்க நமக்குப் பரம எதிரிங்க, டெல்ஃபீன்."

"அதனாலதான் கேக்குறேன். வருஷத்துக்கு ஒரு டாலர் போதும்னு சொல்லு."

"ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். மிச்சத்தை டிரெட்அவே கட்டுவாரு."

அவர் என்னையே பார்த்தார். "நம்ம கல்யாணத்தன்னிக்கே உங்கப்பா எச்சரிச்சாரு. நான்தான் கேக்கல" என்றார்.

ராய்ஸ் ஒரு டாலருக்கே அங்கே சேர்ந்தார். கோச்சுக்கு ஒதுக்கிய பணம் அப்படியே மிஞ்சியதால், புதுக் கல்லூரி அதைக் கொடுத்து ஆட்டக்காரர்களை இழுத்தது. டிரெட்அவே கண்வைத்திருந்த மூன்று பேர் எங்களிடம் வந்தார்கள். அவர் செக்கும் மாதம் தவறாமல் வந்தது.

அடுத்த நவம்பரில் அவர்கள் மைதானத்திலேயே முப்பத்தெட்டுக்குப் பத்து என்று அடித்தோம். டிரெட்அவே புல்தரையில் இறங்கி நேரே எங்களிடம் வந்தார்.

"உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்றியே ராய்ஸ். என் காசைத் தின்னுட்டு என்னையே தோக்கடிக்கிறியா?"

ராய்ஸ் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "நீங்க எங்க வீட்டுக் கேக்கைத் தின்னுட்டுத்தானே சார் ஆரம்பிச்சீங்க?"

அவர் முகம் செத்துப்போனதைப் பார்த்தேன். வயிறு குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

ராய்ஸைத் தூக்கிய மறுவாரமே அவர் எடுத்த கோச் வேட் ஸ்டாலிங்ஸ். எங்களிடம் தோற்ற மறு திங்கட்கிழமையே அவரையும் தூக்கினார். அவருக்கு இன்னும் நாலு வருஷச் சம்பளம் பாக்கி. இரண்டு கோச்சுகளுக்கும் சேர்த்து அழ, இரண்டு கார் கடைகளை விற்றார் என்று கேள்வி. எனக்கு அது போதும் என்றுதான் நினைத்தேன்.

ஒரு நாள் போன் வந்தது.

"அக்கா, நான் ஸ்டாலிங்ஸ். கோச் இருக்காரா?"

"வெளிய போயிருக்காரு. என்ன விஷயம் தம்பி?"

"என் ஒப்பந்தத்துலயும் அதே ஓட்டைதான்க்கா இருக்கு. உங்க அணியில எனக்கு ஏதாவது வேலை இருக்குமா?"

"நாளைக்கே வந்து சேரு" என்றேன். "ஆனா ஒரு டாலரெல்லாம் கட்டுப்படியாகாது. அம்பது சென்ட்தான்."