பூவிழியின் வரைபடத்தில் ஒரு புள்ளி

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு களவா மீன். போன வியாழக்கிழமை அது என் வீட்டு வாசலுக்கு வந்தது. குழம்பு வைத்துச் சாப்பிட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

இல்லை, மீனை முதலிலேயே வெளியே எடுத்து வைத்தால் கெட்டுப்போகும். அது கடைசியில் வரட்டும். வேறு மாதிரி ஆரம்பிக்கிறேன்.

கடலோர நகரமொன்றின் பள்ளியில், புவியியல் கற்பித்தலில் புதுமைகளைப் புகுத்திய ஆசிரியை ஒருவர்

சே, ஆண்டு மலர் நடை. (அழிக்காமல் விடுகிறேன். நான் எவ்வளவு சுற்றி வளைக்கிறேன் என்று நீங்களும் பாருங்கள்.)

பூவிழி பொய் சொல்லத் தெரியாத பெண். அவளுடைய

இதுவும் வேண்டாம். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியுமா என்று எனக்கு எப்படித் தெரியும்? பொய் சொல்லத் தெரிந்தவள் நான். பெயர் லிலியான், புதுச்சேரிக்காரி, கதை எழுதுவது தொழில். எதைக் கண்டாலும் "இது என்ன, அது ஏன்" என்று நோண்டுவது பிறவிக் குணம்.

2

சலீமா என் சிநேகிதி. ஊருக்குள் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறாள். அச்சடித்த வரைபடத்தாளைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"பாவம்டி புள்ளைங்க. கங்கை எங்க போவுதுன்னு கோடு போடுதுங்க. தன் தெருவுல மழத்தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு கேட்டா முழிக்குதுங்க."

அதனால் ஜூலை மாதம் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சார்ட் கொடுத்து மூன்று விதி போட்டாள். அட்லஸைப் பார்க்கக் கூடாது. உங்கள் வீடு நடுவில் இருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு மட்டும் தெரிந்த ஓர் இடம் அதில் இருந்தே ஆக வேண்டும்.

மூன்றாவது விதியைக் கேட்டு நான் கைதட்டினேன். என்ன அருமையான விதி! என்னைத்தான் நடுவராகக் கூப்பிட்டிருந்தாள்.

முஹம்மது ஆரிப் கனகசெட்டிக்குளத்துப் பெரியம்மா வீட்டுக்குப் போகும் பஸ் பாதையை வரைந்திருந்தான். பாண்டி பச்சை, தமிழ்நாடு மஞ்சள், திரும்பவும் பாண்டி பச்சை. ஒரே பஸ், ஒரே ரோடு, இரண்டு எல்லை. வீட்டுக்கு மட்டும் தெரிந்த இடம், பெரியம்மா ஊறுகாய் ஜாடியை ஒளித்து வைக்கும் பரண்.

அத்ரியானின் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருக்கிறார். அவன் படத்தில் பிரான்ஸில் இருக்கும் துலூஸ் நகரம் பக்கத்து வீடு. பாண்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும் தவளக்குப்பம் தாளின் ஓரத்தில் கிடந்தது.

"என்னடா இது, தவளக்குப்பம் இவ்ளோ தூரமா?" என்றாள் சலீமா.

"அப்பா தெனமும் வீடியோ கால்ல வர்றாரு டீச்சர். தவளக்குப்பத்து மாமா வீட்டுக்கு வருசத்துக்கு ஒருக்காதான் போறோம்."

முழு மதிப்பெண். தூரம் என்றால் என்ன என்று ஐம்பது வயதில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

3

பூவிழி வைத்திக்குப்பத்து மீனவர் வீட்டுப் பெண். அவள் தாளில் முக்கால்வாசி கடல்தான். சேறு எங்கே, மணல் எங்கே, நீரோட்டம் எந்த மாதம் எந்தப் பக்கம் இழுக்கும், எல்லாம் இருந்தது. கரை ஒரு மெல்லிய கோடு. அதில் கடலிலிருந்து பார்த்தால் தெரிபவை மட்டும்: ஒரு கோபுரம், ஒரு தண்ணீர்த் தொட்டி, இரண்டு செல்போன் டவர்.* அங்கிருந்து இரண்டு கோடுகள் கடலுக்குள் போய் ஒரு புள்ளியில் சந்தித்தன. பக்கத்தில் 'அப்பா பார்' என்று எழுதியிருந்தாள்.

(பாண்டிச்சேரியில் பார் என்றதும் உங்கள் மனம் எங்கே போகும் என்று தெரியும். இது கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டு. மீன் கூடும் இடம்.)

கரையில் இரண்டு அடையாளம் ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் வரவேண்டும், இன்னொரு பக்கம் வேறு இரண்டும் அப்படியே வரவேண்டும், இரண்டும் சேர்ந்து வந்தால் படகு பார் மேல் நிற்கிறது என்று அர்த்தம். இதை அவளே எனக்குச் சொன்னாள். நான் சும்மா இருந்தேனா? "இந்த ரெண்டாவது டவர் எங்க இருக்கு?" என்று கேட்டேன். இடத்தைச் சொன்னாள்.

முதல் பரிசு கொடுத்தேன். போட்டோ எடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தேன்.

* அடையாளங்களை மாற்றி எழுதியிருக்கிறேன். இதை நம்பி யாரும் படகு விட வேண்டாம். முதலில் எழுதிய வரைவில் உண்மையானவற்றையே எழுதியிருந்தேன், அவ்வளவு புத்தி எனக்கு.

4

மறுநாள் நானும் சலீமாவும் கண்காட்சிக்கான பெயர்ச்சீட்டுகளை ஒட்டிக்கொண்டிருந்தோம். செருப்பை வெளியே விட்டுவிட்டு ஒருவர் உள்ளே வந்தார். பூவிழியின் அப்பா, வினோத்குமார்.

"டீச்சர், எம்பொண்ணு வரைஞ்சத குடுத்துடுங்க."

"ஏங்க? அதுக்குத்தான் மொத பரிசு. திங்கக்கெழம எல்லா ஸ்கூலும் வந்து பாக்கும்."

"அதனாலதான் கேக்கறேன்." அவர் விரல் அந்தப் புள்ளியைத் தொடாமல் அதன் மேலேயே நின்றது. "எங்கப்பா கண்டுபுடிச்ச பாரு. இங்க மட்டும் நான் தனியாத்தான் போவேன். ஜிபிஎஸ்லகூட ஏத்தல, மிஷின எவன் வேணா நோண்டுவான். வலையில ஒண்ணும் வுழாத நாள்ல எங்க அடுப்பு எரியறது இதாலதான் டீச்சர்."

"பூவிழிக்கு எப்படி..."

"நான்தான் சொன்னேன். பையன் ஓட்ட வாயி. கடல்ல எனக்கு எதுனா ஆச்சுன்னா ஒருத்தருக்காச்சும் தெரிஞ்சிருக்கணுமில்ல. இவதான் வாயத் தொறக்க மாட்டான்னு நெனச்சேன்."

பூவிழி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நம்ம வூட்டுக்கு மட்டும் தெரிஞ்ச எடம்னு டீச்சர் கேட்டாங்கப்பா. நம்மகிட்ட வேற எதுவும் இல்லியே."

சலீமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "புள்ளிய மட்டும் கொஞ்சம் தள்ளி வெச்சிரலாமா கண்ணு?"

"பொய்யா வரையறதுக்கு வரையாமயே இருக்கலாம் டீச்சர்" என்றாள் பூவிழி.

அவர் படத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். மகளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

5

முடிவு அ: கண்காட்சி அன்று வினோத்குமார் படத்தோடு வருகிறார். "மாட்டுங்க டீச்சர்" என்கிறார். மகள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறாள்.

அழுகை வரும். ஆனால் நடக்கவில்லை.

முடிவு ஆ: சலீமா அந்த இடத்தில் வெறும் சார்ட்டைத் தொங்கவிட்டு, 'இந்த வரைபடம் வீட்டுக்குத் திரும்பிவிட்டது' என்று எழுதுகிறாள். எல்லாரும் அதன் முன்னால்தான் நிற்கிறார்கள்.

இது எனக்கு ரொம்பப் பிடித்து இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். சலீமா படித்துவிட்டு, "அடிப்போடி. ஆரிப் படத்த மாட்டுனேன், மூணாவது ரூல எடுத்துட்டேன். அவ்ளோதான் நடந்துச்சு" என்றாள்.

மூன்றாவது முடிவுக்கு மீன் வேண்டும்.

6

எனக்கு மீன் கொண்டுவந்து தருபவள் ஜெயம். அவளும் வைத்திக்குப்பம்தான். அவள் நம்பர் என் போனில் இருக்கிறது, என் ஸ்டேட்டஸ் எல்லாம் பார்ப்பாள். போட்டோ வைத்த அன்று சாயங்காலமே குரல் செய்தி அனுப்பியிருந்தாள்: "யக்கா, படம் சூப்பரா இருக்கு. அந்த ரெண்டாவது டவரு எங்க இருக்கற டவரு?"

சொன்னேன். எனக்கும் தெரியும் என்று காட்டிக்கொள்ளும் சந்தோஷத்தில், அடுப்படியிலிருந்தே சொன்னேன். மறுநாள் வினோத்குமார் வந்து போன பிறகுதான் போனை எடுத்தேன். ஸ்டேட்டஸை அழித்தேன், போட்டோவை அழித்தேன். டவர் இருக்கும் இடத்தை ஜெயத்தின் தலையிலிருந்து எப்படி அழிப்பது?

போன வியாழன் ஜெயம் கூடையை இறக்கினாள். முழங்கை நீளத்துக்கு ஒரு களவா.

"எங்கண்ணன் புடிச்சாரு. பார் மீனு யக்கா, ருசியே தனி."

கடலில் ஆயிரம் பார் இருக்கலாம். எந்தப் பார் என்று நான் கேட்கவில்லை. எதையும் நோண்டாமல் விட்டது என் வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். மீனை வாங்கிக்கொண்டேன். குழம்பு நன்றாகவே இருந்தது, அதைத்தான் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போனேன். பூவிழி படிக்கட்டில் வந்து நின்றாள்.

"மேடம், நீங்க போட்டோ எடுத்தீங்கல்ல?"

"அழிச்சிட்டேன்மா." இது உண்மை.

"அப்பா எங்கிட்ட இன்னும் பேசலை மேடம். போட்டோவ வேற யாரும் பாக்கலன்னு சொன்னா பேசுவாரு. சொல்லட்டா?"

என் பதிலை நாலு விதமாக எழுதிப் பார்த்தேன். நாலிலும் நான் நல்லவளாகவே வருகிறேன், அதனால் நாலையும் கிழித்துவிட்டேன். 'பார்க்கவில்லை' என்றால் அவள் அப்பா இன்று ராத்திரி அவளிடம் பேசுவார், நாளைக்கு அந்தப் புள்ளியில் வேறு படகைப் பார்ப்பார், அப்போது பொய் சொன்னவள் அவள் ஆவாள். 'பார்த்தார்கள்' என்றால் நான் தப்பித்தேன், அவள் வீட்டில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது.

ஆகவே இந்த வரி உங்களுடையது:

[ ................................ ]

பையின் வாரைப் பிடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். மணி அடிக்கப் போகிறது.

"சொல்லட்டா மேடம்?"