மாமனார் ஓட்டிய கார்

திருவண்ணாமலையில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்த அருணகிரி, திவாலாகி மஞ்சள் கடுதாசி கொடுத்தபோது மண்டி போனது, வேங்கிக்கால் மனை போனது. மனைவி பச்சையம்மாளின் நகைகள் அதற்கும் முன்பே அடகுக்கடையில் ஐக்கியமாகிவிட்டன. அதற்கெல்லாம் அசையாத மனிதர், அம்பாசிடர் காரையும் ஜப்தி செய்வார்கள் என்றதும் இரண்டு வேளை சாப்பிடவில்லை. பச்சையம்மாள் காய்ச்சலில் கிடந்தபோது மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிட்டவர்.

"காரு இல்லனா கல்யாணம் நின்னுடும்டி" என்றார். அது என்னவோ உண்மைதான். மகள் ரேவதியைக் கொடுக்கப்போகிற கீழ்பென்னாத்தூர்க்காரர்களுக்கு இவர் 'கார் வீட்டுக்காரர்'. கடுதாசி சங்கதி அவர்கள் காதுக்கு எட்டவில்லை. மாப்பிள்ளை அழைப்புக்கு என் காரே வரும் என்று வேறு இவர் வாயை விட்டிருந்தார்.

வக்கீல் இளஞ்செழியன் வழி சொன்னார். "பொழப்பே இந்தக் காருதான், வாடகைக்கு ஓட்டறேன், வர்றத கோர்ட்ல கட்டறேன்னு எழுதிக் குடுங்க. ஆனா நீங்கதான் ஓட்டணும். வேற கை பட்டா வண்டி போச்சு."

வழக்கு முடியும்வரை அப்படியே இருக்கட்டும் என்று கோர்ட்டும் விட்டது. பின்சீட்டில் சாய்ந்துகொண்டு டிரைவரை அதட்டிய மகராசன், காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வாசலில் "கோயிலுங்களா, ஆசிரமங்களா?" என்று கூவினார். அண்ணாமலையார் எத்தனையோ பேரை ஆட்கொண்டிருக்கிறார். இவரை டாக்சி ஸ்டாண்டு ஆட்கொண்டது.

கல்யாணப் பத்திரிகையைக் கடன்காரர்களுக்கும் வைத்தார்கள். வைக்காவிட்டால் மண்டபத்தில் பாதி காலி. சிநேகிதர் என்று இருந்தவர்கள் எல்லாம் கடன் கொடுத்தவர்கள்தானே. அவர்களில் அரிசிக்கடை வேணு, காரை வேறு யாராவது தொட்டால் மறுநாளே கோர்ட்டில் சொல்வதென்று கங்கணம் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

ஆகவே அருணகிரியே ஓட்டியாக வேண்டும். "மாமனாரு ஓட்டியாறதுதான் எங்க வழக்கம்" என்று ஒரு வழக்கத்தை அன்றைக்கே பெற்றெடுத்தார். பட்டுவேட்டிக்கு மேல் காக்கிச் சட்டையும் அந்த வழக்கத்தில் சேர்ந்தது. சம்பந்திகள் உருகிப்போனார்கள். புளுகில் மட்டும் இந்த மனுஷன் திவாலாக மாட்டார் என்று பச்சையம்மாள் நினைத்துக்கொண்டாள்.

ஒன்றை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. மண்டப வாசலில் மாப்பிள்ளைக்கு மாலை போட வேண்டியவரும் பெண்ணின் அப்பாதான்.

டாக்சியின் மஞ்சள் கூரை தெரியாதபடி பூச்சரம் போர்த்திய கார், மேளதாளத்தோடு வந்து நின்றது. பச்சையம்மாள் ஆரத்தித் தட்டோடு காத்திருந்தாள். முன்சீட்டிலிருந்து மாப்பிள்ளை வல்லரசின் பெரிய தாத்தா இறங்கினார். அன்றுதான் பெங்களூரிலிருந்து வந்தவர், பெண் வீட்டில் யாரையும் தெரியாது. ஜன்னல் பக்கம் சுற்றி வந்து பத்து ரூபாய்த் தாள் ஒன்றை அருணகிரியின் காக்கிப் பையில் திணித்தார்.

"பதமா ஓட்டனப்பா. டீ சாப்பிடு."

மேளம் நின்றிருந்த நேரம். எல்லோருக்கும் கேட்டது.

"பொண்ணோட அப்பா வாங்க, மாலை போடுங்க" என்றார் ஐயர்.

டிரைவர் பக்கத்துக் கதவு திறந்தது. அருணகிரி காக்கியைக் கழற்றப் பார்த்தார். அவசரத்தில் பொத்தான் கழலவில்லை. அப்படியே மாலையை வாங்கிப் போட்டார். பெரியவருக்கு முகம் செத்துப்போனது. பச்சையம்மாளுக்கு இத்தனை மாதத்தில் முதல் தடவையாகப் புருஷன்மேல் இரக்கம் வந்தது. கோபமே தேவலாம் போலிருந்தது.

ஆரத்தி சுற்றினாள். தட்டில் காசு போட வேண்டிய மாப்பிள்ளை மலைத்துப்போய் நிற்க, அருணகிரி அந்தப் பத்து ரூபாயையே எடுத்துப் போட்டார். வாடகை வருமானம் ஆரத்தியில் கரைவதைக் கண்ட வேணு இருமினார்.

அதற்குள் மண்டபத்து மேனேஜர் ஓடிவந்தார். "வண்டி வாசல அடைச்சிக்கிட்டு நிக்குது, யாராவது எடுங்கப்பா!"

"சாவி குடுங்க மாமா, நான் ஓரங்கட்டறேன்" என்றான் வல்லரசு. நல்ல பையன்.

வேணு கழுத்தை எட்டி நீட்டினார். அருணகிரி சாவியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் மாப்ள. நீங்க உள்ள போங்க. எங்க வழக்கம்."

நாதஸ்வரம் மறுபடி தொடங்கியது. மாப்பிள்ளையும் சம்பந்திகளும் கடன்காரர்களும் உள்ளே போனார்கள். பெண்ணின் அப்பா வண்டியை எடுக்கப் போனார்.