அடிச்சட்டத்தில் திணித்த பேப்பர்

துருவைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். நாற்பத்தைந்து வருஷமாகத் தினமும் அதன் முகத்தில்தான் விழிக்கிறேன். பென்சில்வேனியாவின் இந்த ஆற்றோர ஊர்களில் நவம்பர் முதல் மார்ச் வரை சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். பனி உருகும், வண்டி வழுக்காது, எல்லாம் சரி. ஆனால் அந்த உப்புத் தண்ணீர் வண்டியின் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு வருஷம் முழுக்கத் தின்றுகொண்டிருக்கும். மேலே பெயிண்ட் பளபளக்கும். கீழே ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் அப்பளம் மாதிரி நொறுங்கும்.

ஓல்கா பாப்சாக் என் பட்டறைக்கு வந்தது ஒரு செப்டம்பர் காலை. என் சிநேகிதன் எமிலின் மனைவி. எமிலும் நானும் ஒரே தெருவில் உருண்டு புரண்டு வளர்ந்தவர்கள். அவன் இரும்பு ஆலைக்குப் போனான், நான் டிங்கரிங் பட்டறை வைத்தேன். ஓல்கா ஒரு காகிதத்தை என் மேஜையில் வைத்தாள். ஊராட்சியிலிருந்து வந்த நோட்டீஸ்.

"வீட்டுக்குப் பின்னாடி கெடக்கிற வண்டிய முப்பது நாளுக்குள்ள எடுக்கணுமாம். இல்லேன்னா அவங்களே வந்து நசுக்க எடுத்துட்டுப் போயிடுவாங்களாம்."

"எமில் என்ன சொல்றான்?"

"போகட்டும்கிறான். அவன் எதுக்குத்தான் போக வேண்டாம்னு சொல்லியிருக்கான்?"

"அவன் சொல்றதுல என்ன தப்பு, ஓல்கா? அது வண்டியா? முப்பது வருஷத் துரு. கூட்டி அள்ளணும்."

"ரே, உன்னால முடியுமா முடியாதா, அத மட்டும் சொல்லு. என் பிள்ளை டேரல் தன் கையால தேச்சுத் தேச்சுக் கழுவின வண்டி அது. எமில் இருதய ஆபரேஷனுக்குப் போறதுக்குள்ள ஒரே ஒரு தடவை அதுல ஏறி அவன் கல்லறைக்குப் போகணும். மண்ணுக்குள்ள கெடக்கிற பிள்ளைகிட்ட முப்பது வருஷமாவா கோவம்? எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. அதற்குக் காரணம் கருணை இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கதையை ஆரம்பித்தேன்.

இப்போது அந்த மாதிரி முரட்டு இன்ஜின் வண்டியை மசில் கார் என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். எங்களுக்கு அது எமிலின் ஆரஞ்சு வண்டி, அவ்வளவுதான். எழுபதாம் வருஷத்து மாடல், இரண்டு கதவு, எட்டு சிலிண்டர். ஆலையில் சம்பளம் நன்றாக வந்த காலத்தில் புதிதாக வாங்கினான். அதன் உறுமல் பாலத்துக்கு அந்தப் பக்கமே கேட்கும். மகன் டேரலுக்குப் பத்தொன்பது வயது ஆனபோது சாவியை அவனிடம் கொடுத்தான்.

எங்கள் மாநிலத்தில் வருஷா வருஷம் வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். அடியில் ஓட்டை இருந்தால் கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்ட மாட்டார்கள். எண்பத்து நான்கு ஏப்ரலில் எமில் அந்த வண்டியை என்னிடம் கொண்டுவந்தான். பின்பக்க இடது அடிச்சட்டத்தில், ஸ்பிரிங் பட்டையை மாட்டுகிற இடத்தில், என் முஷ்டி நுழைகிற அளவு ஓட்டை. வெட்டி எடுத்துப் புது இரும்பு வைத்து வெல்டிங் பண்ண வேண்டும். இரண்டு வாரத்து வேலை. பரிசோதனையோ மறுநாள்.

அந்த அவசரத்துக்கு இங்கே எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன். ஓட்டைக்குள் பேப்பரைக் கசக்கித் திணித்தேன். மேலே ஒரு தகரம், அதன் மேலே பட்டி, அதற்கும் மேலே தார் மாதிரிக் கறுப்புப் பூச்சு. எமில் பக்கத்தில் படுத்துக்கொண்டு விளக்குப் பிடித்தான். பேஸ்பால் செய்தி படிக்க அவன் கொண்டுவந்த பேப்பரையே கிழித்துக் கிழித்துக் கொடுத்தான். வேலை முடிந்ததும் பார்த்தால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது. "ஒரு வருஷம் தாங்கும். அடுத்த வசந்தத்துல ஒழுங்கா வெட்டி வெச்சுத் தரேன்" என்றேன். ஒரு பெட்டி பீரைச் சேர்ந்து காலி பண்ணினோம்.

அந்த அடுத்த வசந்தம் டேரலுக்கு வரவில்லை. அக்டோபரில், ஆலைச் சுவர் ஓரமாக இறங்குகிற மலைச்சாலை வளைவில், வண்டி திரும்பிப்போய்ச் சுவரில் மோதியது. ஆஸ்பத்திரியில் அரை நாள் நினைவோடு இருந்தான். நானும் அந்த வராந்தாவில் நின்றேன். கதவு திறந்திருந்தது.

"அப்பா, நான் வேகமாப் போகலப்பா. பின்னாடி தானா விலகிப் போச்சு" என்றான் பையன்.

எமில் கத்தினான். "பொய் சொல்லாதடா! சாகக் கெடக்கும்போதும் பொய்யா? எத்தனை தடவை சொன்னேன், மெதுவாப் போ, மெதுவாப் போன்னு!" வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சாயங்காலம் பையன் போய்விட்டான். போலீசும் அதிவேகம் என்றே எழுதியது.

பின்னாடி தானா விலகிப் போச்சு. அந்த வார்த்தை என் காதில் ஈட்டி மாதிரி இறங்கியது. உண்மையான மனுஷனாக இருந்தால் அன்றைக்கே போய் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்திருப்பேன். நான் பார்க்கவில்லை. நேரம் இல்லாமல் இல்லை, பார்க்கக் கூடாது என்றுதான். வண்டியை இழுத்துவந்து எமில் வீட்டுக்குப் பின்னால் போட்டார்கள், அவன் அதன் மேல் நீலத் தார்ப்பாய் போர்த்தினான். முப்பது வருஷம் ஓடிவிட்டது. நானும் தூங்கினேன், சாப்பிட்டேன், பேரன் பேத்தி எடுத்தேன். வெட்கம் கெட்டவன்.

வண்டியை எடுக்கப் போனபோது தார்ப்பாய் கையோடு கிழிந்து வந்தது. பாவி மகனே, இரும்பு மேல் பிளாஸ்டிக்கைப் போர்த்தி மண்ணில் நிறுத்தினால் அதை ஆவியில் வேகவைப்பது மாதிரிதான். மண்ணின் ஈரம் மேலே ஏறும், வெளியே போக வழி இருக்காது. தரைத்தகடே இல்லை. இன்ஜின் இடுக்கில் ஒரு மேப்பிள் கன்று என் கட்டைவிரல் தடிமனுக்கு வளர்ந்திருந்தது. நசுங்கிய முன்பக்கத்தைப் பார்க்க முடியாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். எமில் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வரவில்லை.

வேலை நவம்பரில் சூடு பிடித்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் ஓல்கா ஒரு பானையோடு வருவாள். முட்டைக்கோஸ் இலையில் இறைச்சியும் அரிசியும் சுருட்டி வேகவைத்த ஹலுப்கி. அதை அடுப்பில் வைத்துவிட்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவாள். "இந்தக் கதவு புதுசா? பழசேவா?" என்று கேட்பாள். பழசு என்றால் தொட்டுப் பார்ப்பாள், புதுசு என்றால் தொட மாட்டாள். அவள் போனதும் நான் அந்தப் பானையைக் காலி பண்ணுவேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், எனக்குக் குறுகுறுப்பா? குடைச்சல்!

எல்லாவற்றையும் சரிபண்ணினேன், அந்த இடது அடிச்சட்டத்தை மட்டும் விட்டுவிட்டு. தரை, கதவடிப் பட்டை, வலது சட்டம், நசுங்கிய மூக்கு என்று ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தேன். கடைசியில் போக வேறு இடம் இல்லை. ஜனவரியில் ஒருநாள் காலை, பல்லைக் கடித்துக்கொண்டு கிரைண்டரை அங்கே வைத்தேன்.

என் கறுப்புப் பூச்சு, என் பட்டி, என் தகரம், எல்லாம் வரிசையாக வந்தன. தகரத்துக்குப் பின்னால் ஸ்பிரிங் பட்டையை மாட்டுகிற இடத்தில் ஒன்றும் இல்லை, கிழிந்த விளிம்பு மட்டும். மோதி நசுங்கிய இரும்பு மடியும். இது மடியவில்லை, கீழ்நோக்கிப் பிய்ந்து போயிருந்தது. சுவரில் மோதுவதற்கு முன்பே பிய்ந்து, பின்சக்கரம் விலகியிருக்கிறது. பையன் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. பிய்ந்த இடத்தில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தது பேப்பர், பேஸ்பால் பக்கம், ஏப்ரல் மாதத் தேதியோடு.

அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அறுபத்தொன்பது வயதுக் கிழவன், கையில் கிரைண்டரோடு.

அழுது முடித்ததும் என்ன செய்தேன் தெரியுமா? பிய்ந்த அந்த இரும்புத் துண்டை வெட்டியெடுத்து ஒரு பெட்டியில் போட்டு மேஜைக்கு அடியில் தள்ளினேன். புது இரும்பை வெல்டிங் பண்ணினால் தீர்ந்தது, எவனுக்கும் தெரியாது. எமிலுக்கு இருதயம் சரியில்லை, இதைச் சொல்லி அவனைக் கொல்லவா என்று எனக்கு நானே வக்கீல் வைத்தேன். அந்த வக்கீல் நான்கு நாள் நன்றாகத்தான் வாதாடினான்.

வெள்ளிக்கிழமை ஓல்கா பானையோடு வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "நேத்து அவன்கிட்ட கேட்டேன், ரே. வண்டி தயாராயிட்டா கல்லறைக்கு வருவியான்னு. எழுந்து போயிட்டான். என் பிள்ளை பொய்யனாவே மண்ணுக்குள்ள கெடக்கான், பாரு."

பானையைத் திறக்கவே இல்லை நான். அவள் போனதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எமில் வீட்டுக்கு நடந்தேன்.

ஓல்கா இன்னும் வீடு திரும்பவில்லை, அவன் சமையலறையில் தனியாக இருந்தான். இரும்புத் துண்டை மேஜையில் வைத்தேன். உட்காரவில்லை.

"எமில், பையன் பொய் சொல்லல. இதைப் பாரு. ஸ்பிரிங் மாட்டுற எடம் பிய்ஞ்சு போயிருக்கு. நான் வெச்ச பட்டி. நான் செஞ்ச வேலை. உன் பிள்ளையக் கொன்னது நான்தான்டா. அடிக்கணும்னா அடி."

அவன் பேப்பரை விரலால் தொட்டான். ஆச்சரியப்படவில்லை. அதுதான் எனக்கு முதலில் உறைத்தது.

"உக்காருடா" என்றான்.

"மாட்டேன்."

"உக்காருன்னா உக்காரு. பெரிய இவன் மாதிரி நிக்காத." நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு, "அந்தத் தார்ப்பாய எதுக்குப் போட்டேன்னு நெனக்கிற? மழைக்கா?" என்றான்.

நான் உட்கார்ந்தேன்.

"அடக்கம் முடிஞ்ச மறுநாள் அடியில பூந்து பார்த்தேன். பேப்பர் தொங்கிட்டு இருந்துச்சு. நான் கிழிச்சுக் கொடுத்த பேப்பர். அப்படியே வெளிய வந்து தார்ப்பாயப் போர்த்திட்டேன்."

"அப்போ... முப்பது வருஷமாத் தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"ஏன்டா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"உன் பட்டறை போயிடுமேன்னு, உன்னக் காப்பாத்துறேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பொய். ஓல்காவுக்குத் தெரிஞ்சா நான் அவ முகத்துல எப்படி முழிக்கிறது?" பேப்பரை மறுபடியும் தொட்டான். "நான் கோவத்துல கல்லறைக்குப் போகலேன்னு ஊரே நெனக்குது. கோவமா இருந்தா எப்பவோ போயிருப்பேனே, ரே. அவன் கடைசியா என்கிட்ட சொன்னது நிஜம். நான் கடைசியா அவன்கிட்ட சொன்னது 'பொய்'. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அங்க போய் நிக்கிறது?"

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தே ஆகவேண்டும். நாங்கள் இருவரும் முப்பது வருஷம் அந்தத் தாகத்தைத் தள்ளித் தள்ளிப் போட்டிருக்கிறோம், ஆளுக்கு ஒரு பக்கமாக.

"ஓல்காகிட்ட நான் சொல்றேன்" என்றேன்.

"நீ வாயத் தொறக்காத. அத நான்தான் சொல்லணும்."

சொல்லிவிட்டான். எப்படிச் சொன்னான், அவள் என்ன செய்தாள் என்பது எனக்குத் தெரியாது. அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மறு வெள்ளிக்கிழமை பானை வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை. ஆனால் திங்கட்கிழமை காலை எமில் வந்தான். கோட்டைக் கழற்றி மாட்டினான், விளக்கை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் என் பக்கத்தில் படுத்தான். மூச்சு வாங்கியது. "வீட்டுக்குப் போடா, செத்துத் தொலைக்காத" என்றேன். "விளக்கு சரியா விழுதா, அத மட்டும் சொல்லு" என்றான்.

இரண்டு வாரத்து வேலை இரண்டு வாரம் எடுத்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் எடுக்க வேண்டிய அதே இரண்டு வாரம். அந்தச் சட்டத்தின் மேல் கறுப்புப் பூச்சு அடிக்கவில்லை. நிறமில்லாத வார்னிஷ் மட்டும். யார் குனிந்து பார்த்தாலும் வெல்டிங் தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு எங்கள் கோயிலில் கல்லறைகளை மந்திரிப்பார்கள். பாதிரியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வரிசை வரிசையாக வருவார், பின்னாலேயே ஊர் பாடிக்கொண்டு வரும். ஆரஞ்சு வண்டி அந்த மலைச்சாலையில் மெதுவாக, இருபது மைல் வேகத்தில் இறங்கியது. எமில் ஓட்டினான். பக்கத்தில் ஓல்கா, மடியில் ஈஸ்டர் ரொட்டிக் கூடை. நான் என் லாரியில் பின்னால் போனேன். வருகிறாயா என்று யாரும் கூப்பிடவில்லை. போகாமல் இருக்கவும் முடியவில்லை.

எமில் கல்லறைக்கு முன்னால் நின்றான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே இருந்தான். நான் நான்கு வரிசை தள்ளி நின்றேன், அதற்குமேல் போக எனக்கு என்ன உரிமை? அவன் உதடு அசைந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

ஓல்காவுக்குக் கேட்டிருக்க வேண்டும். கூடையைக் கீழே வைத்தாள்.

"சத்தமாச் சொல்லு, எமில்" என்றாள். "அன்னைக்கு எவ்வளவு சத்தமாச் சொன்னியோ, அவ்வளவு சத்தமா."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு கல்லைப் பார்த்தான்.

"நீ பொய் சொல்லலடா!" என்று கத்தினான். "டேரல், நீ பொய் சொல்லல! பொய்யன் நான்தான்டா!"

பாட்டு நின்றது. பாதிரியார் தெளிக்கத் தூக்கிய கையோடு அப்படியே நின்றார். ஊர் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஓல்கா அவன் பக்கம் திரும்பவில்லை. எல்லாருக்கும் மேலாக, நான்கு வரிசை தாண்டி, நேராக என்னைத்தான் பார்த்தாள். என் முறைக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.

நான் தொப்பியைக் கழற்றிவிட்டு முன்னால் நடந்தேன்.