தண்ணீர் எடுக்கப் போனவர்

ஓட்டமாவடி ஸியாமுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. யுத்த காலத்தில் ஊர்காவல் படையில் இருந்தபோது, காவலரணுக்குப் பின்னாலிருந்த கிணற்றடியில் மிதிவெடியில் போனது. பல வருடம் வந்துகொண்டிருந்த அங்கவீனக் கொடுப்பனவு ஒரு கடிதத்தோடு நின்றது. கோப்பை மறுபடி பார்த்தார்களாம். வெடித்த நேரம் அவர் கடமையிடத்தை விட்டு விலகியிருந்தாராம்.

வழக்குப் போட்டு ஐந்து வருடமாயிற்று. தவணைக்குத் தவணை கொழும்புக்கு ரயிலேறினார். பெரும்பாலும் திகதியை மாற்றுவார்கள். திரும்பும்போது செயற்கைக் காலைக் கழற்றி மடியில் வைத்தபடி தூங்கிப்போவார்.

"காணும், விட்டுடுங்க," என்றாள் மனைவி ஷாகிரா.

"டியூட்டிய விட்டுட்டுப் போனவன் எண்டு எழுதியிரிக்காங்க. அத எப்படி விடுற?"

அன்று கூட இருந்த யாராவது சத்தியக் கடதாசி தந்தால் நல்லது என்றார் சட்டத்தரணி. உயிரோடு ஊரில் இருப்பது றமீஸ் மட்டும். கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருக்கிறார். இத்தனை வருடமும் இருவருக்குமிடையில் ஸலாம் மட்டும்தான்.

ஸியாம் போனபோது றமீஸ் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் தராசைக் கீழே வைத்தார்.

"அண்டைக்குத் தண்ணி எடுக்கிறது என்ட முறை," என்றார். "காய்ச்சல் எண்டு பொய் சொன்னன். அந்தக் கிணத்தடிக்குப் போக எனக்குப் பயம் மச்சான்."

"தெரியும்," என்றார் ஸியாம். "காய்ச்சல்காரன் அவ்வளவு சோறு திம்பானா?"

றமீஸ் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"காவலரண் பொறுப்பாளர்தான் என்னத் தண்ணிக்கு அனுப்பினார் எண்டு எழுது," என்றார் ஸியாம். " அது போதும். மத்தது வேணாம்."

ஆனால் றமீஸ் மற்றதையும் எழுதினார். நீதிமன்றத்தில் சட்டத்தரணி அதை வாசித்தபோது, பின்வரிசையில் றமீஸ் தலைகுனிந்து இருந்தார்.

இரண்டு தவணை கழித்துத் தீர்ப்பு வந்தது. காவலரணில் இருந்தவர்களுக்குத் தண்ணீர் எடுப்பதும் கடமையே. கொடுப்பனவை நிறுத்திய முடிவு ரத்து. கொடுப்பனவு வழங்கும் திணைக்களம் புதிதாக வைத்தியப் பரிசோதனை செய்து மீண்டும் தீர்மானிக்க வேண்டும்.

"வெண்டுட்டீங்களா?" என்று ஷாகிரா போனில் கேட்டாள்.

"அந்த எழுத்த வெட்டிட்டாங்க. காசப் பத்தித் திரும்ப யோசிப்பாங்களாம்."

"மறுபடியும் முதல்ல இருந்தா?"

"ஓம்."

நான்கு மாதம் கழித்து வைத்திய சபைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. ஸியாம் ஸ்டேசனுக்குப் போனபோது, கடையைப் பூட்டிவிட்டு வந்த றமீஸ் இரண்டு டிக்கட்டோடு நின்றார்.

கொழும்பில் அவர்களுக்கு நாற்பத்து மூன்றாம் இலக்கம் கிடைத்தது. எட்டாவது ஆள்தான் உள்ளே இருந்தார். ஸியாம் சுவரில் சாய்ந்துகொண்டார். றமீஸ் அவருக்கு ஒரு கதிரை தேடிப் போனார்.